வால் பிரியும் இடம் வரை

எங்கள் அலுவலகத்தில் விரல் வைக்கும் மிஷின் கெட்டுப்போயிருந்த இரண்டு மாதமும் வாசலில் ஒரு நோட்டு வைத்திருந்தார்கள். வந்த நேரத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பழைய மெட்ராஸ் ரோட்டில் எவ்வளவு நேரம் மாட்டிக்கொண்டாலும் நாங்கள் எல்லோரும் ஒன்பதரைக்கு வந்தவர்கள்தான். நோட்டைப் புரட்டினால் அத்தனை பேரும் ஒரே பஸ்ஸில் வந்து இறங்கியதாகத் தோன்றும். எங்களோடு வேலை பார்த்த அக்கா மட்டும் ஒருநாள் 9.47 என்று எழுதுவார், இன்னொரு நாள் 9.52. ஒருமுறை எங்கள் டைரக்டர் போனில் பேசிக்கொண்டே உள்ளே போகும்போது, "என் பேரையும் சேத்துப் போட்டுடுங்க மேடம்" என்றார். அக்கா போட்டார். நேரத்துக்கான கட்டத்தில் 11.10 என்று எழுதினார்.

நாங்கள் அதைப் பார்த்துச் சிரித்தோம். டைரக்டரும் சிரித்தார். அந்தச் சிரிப்பை அன்றைக்கு நான் நம்பினேன்.

கூட்டங்களில் அவரை மேடம் என்று கூப்பிடுவேன். டீக்கடைக்குப் போனால் அக்கா. தூத்துக்குடிப் பக்கம் ஒரு கடற்கரை ஊர்க்காரர். மீன்வளம் படித்தவர். துறைமுகங்களில் இறங்கும் மீனை எண்ணி, அளந்து, எழுதி வைக்கும் வேலையைப் பல வருஷம் பார்த்துவிட்டு பெங்களூருக்கு வந்தவர். கடலே இல்லாத ஊரில் மீனை அளக்கிறவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். கடலுக்கு விதி எழுதித் தருகிறவர்கள் இங்கேதான் ஏசி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அரசாங்கம் கேட்டால் அறிக்கை தயாரித்துக் கொடுக்கும் தனியார் அலுவலகம் எங்களுடையது. அக்கா கொண்டுவரும் எண்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, கூட்டிக் கழித்து, கலர் கலராகப் படம் போடுவது என் வேலை. இன்றைக்கும் அதைத்தான் செய்கிறேன்.

அக்காவின் கைப்பையில் எப்போதும் ஒரு டேப் இருக்கும். தையல்காரர்கள் கழுத்தில் போட்டுக்கொள்வார்களே, அந்த டேப். தன் கையால் அளக்காத எதையும் அவர் எழுத மாட்டார், அளந்ததை எழுதாமல் விடவும் மாட்டார். இதைக் கேட்க அழகாக இருக்கும். பக்கத்து நாற்காலியில் வைத்துக்கொண்டு வேலை பார்ப்பது அவ்வளவு சுகமில்லை. எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்த சமயம். கல்யாண வெப்சைட்டில் என் உயரத்தை ஐந்து அடி ஒன்பது அங்குலம் என்று போட்டிருந்தேன். அக்கா அதைப் பார்த்துவிட்டு, "ஏழுதான் இருப்பீங்க தம்பி, நில்லுங்க பாப்போம்" என்று எழுந்தார். நான் நிற்கவில்லை. அன்று முழுக்க அவரோடு பேசவும் இல்லை.

டைரக்டர் தன் பிறந்த நாளுக்கு எங்களைப் பிரேசர் டவுனில் ஒரு ஓட்டலுக்குக் கூட்டிப்போனார். முழு வஞ்சிரத்தை மசாலா தடவிப் பொரித்து வாழையிலையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். நாங்கள் வஞ்சிரம் என்பதை அக்கா சீலா என்பார். மீனைப் பார்த்ததும் அவர் கைப்பையைத் திறந்தார். போட்டோ எடுக்கப்போகிறார் என்று நினைத்து எல்லோரும் தட்டை நகர்த்தி இடம் விட்டார்கள். அவர் டேப்பை எடுத்து மீனின் மூக்கில் ஒரு முனையை வைத்தார்.

"முப்பத்தி நாலு சென்டிமீட்டர். இது ஒரு தடவகூட முட்ட போட்டிருக்காது."

"மேடம், அது செத்துப்போச்சு. இனிமே வளராது" என்றார் டைரக்டர். மேஜையே சிரித்தது. அக்காவும் கூடச் சிரித்தார், ஆனால் ரசம் சாதம் மட்டும் சாப்பிட்டார். ஏன் அக்கா என்று மெதுவாகக் கேட்டேன்.

"அளந்துட்டேனே தம்பி. அளந்தப்புறம் தெரியாத மாதிரி எப்படித் திங்கது?"

அவர் பங்கையும் நான்தான் சாப்பிட்டேன். நன்றாகவே இருந்தது.

ஜோகுபாளையத்தில் ஒரு மாடி வீட்டில் வாடகைக்கு இருந்தார். தனியாள். அந்தக் கட்டடத்தில் அவரோடு சேர்த்து மூன்று குடும்பம், கீழே வீட்டுக்காரம்மா. கோடையில் தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. யார் எவ்வளவு பிடிப்பது என்று தினமும் சண்டை. அக்கா ஒரு வழி செய்தார். எல்லார் டிரம்மிலும் பெயிண்டால் ஒரே உயரத்தில் கோடு போட்டார். கோடு வரைக்கும்தான் பிடிக்க வேண்டும். வாடகைக்கு இருப்பவர்களுக்குச் சந்தோஷம். ஆனால் அவர் வீட்டுக்காரம்மாவின் டிரம்மிலும் கோடு போட்டுவிட்டார். நான் ஏதோ பேப்பர் கொடுக்கப் போனபோது வாசலில் அந்தப் பஞ்சாயத்து நடந்துகொண்டிருந்தது.

"ஏம்மா, மனை நம்மது. நம்மளுக்கே லைன் போடறியா நீ?"

"மனை உங்களதுதான் ஆன்ட்டி. தண்ணி காவேரியில இருந்துல்லா வருது."

அடுத்த மாதமே வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். அக்கா இரண்டு தெரு தள்ளி வேறு வீடு பார்த்துக்கொண்டார். இதையெல்லாம் ஒரு பெருமையாக அவர் சொல்லிக்கொண்டதில்லை. மூக்குக் கண்ணாடி போட்டுக்கொள்வதுபோல அது அவருக்கு ஒரு பழக்கம், அவ்வளவுதான்.

எங்களுக்கு வந்த வேலை வஞ்சிரத்தைப் பற்றியது. மேற்குக் கடற்கரையில் வஞ்சிரம் குறைந்துகொண்டே வருகிறது என்று எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அரை மீட்டருக்குக் குறைந்த மீனைப் பிடிக்கக் கூடாது, ஒரு தடவை கடலுக்குப் போனால் இவ்வளவுதான் என்று ஒரு வரம்பு வைக்க வேண்டும். அதை யாருக்கு எவ்வளவு வைப்பது என்பதற்குத்தான் எங்கள் அறிக்கை. வலைப் படகுகள் ஒரு பக்கம். சனி ஞாயிறு பெங்களூரிலிருந்து காரில் போய், வேகப் படகை வாடகைக்கு எடுத்து, தூண்டில் போடுகிறவர்கள் இன்னொரு பக்கம்.

அந்த இன்னொரு பக்கத்தில் எங்கள் டைரக்டர் இருந்தார். அவரும் அவருடைய நண்பர்கள் நாலு பேரும் மாதத்தில் இரண்டு தடவையாவது போய்வருவார்கள். காரின் பின் சீட்டில் ஓரமாக எனக்கும் ஒரு இடம் கிடைத்திருந்தது. ஐஸ் பெட்டி தூக்குவேன், போட்டோ எடுப்பேன், நடுநடுவே என் கையிலும் தூண்டிலைக் கொடுப்பார்கள். ஈரோட்டில் இருந்து வந்து பி.ஜி.யில் மூன்று பேரோடு அறையைப் பகிர்ந்துகொண்டவனுக்கு அந்தக் கார் சீட் எவ்வளவு பெரியது என்று விளக்கிச் சொல்ல முடியாது.

அக்கா மங்களூர்ப் பக்கத்துத் துறைமுகங்களுக்குப் போய் மாதக்கணக்கில் அளந்துகொண்டு வந்தார். முதல் நாளே ஒருவர் மீன் பெட்டி மூடியின் மேல் உட்கார்ந்துகொண்டாராம். கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர், அங்கே படகு டிரைவர். அவர் திறந்தால்தான் மற்றவர்களும் திறப்பார்கள் என்ற நிலை. நடந்ததை அக்கா டீக்கடையில் எனக்குச் சொன்னார். அவர் சொன்னால் ஒரு சொல் கூடவோ குறையவோ இருக்காது.

"எதுக்கு அளக்கிய? நாளைக்கு எங்க மீனப் பிடுங்கவா?" என்று கேட்டிருக்கிறார் அவர்.

"பிடுங்கினாலும் பிடுங்குவாங்க. இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்."

"சின்ன மீன் பிடிக்கது தப்புதான். எங்களுக்கும் தெரியும். ஆனா நாங்க மட்டுமா பிடிக்கோம்? லீவு நாளுல காருல வந்து இழுத்துட்டுப் போறானுவளே, அவனுவள யாரு அளப்பா?"

"நான் அளப்பேன்."

"உங்க ஆபீஸ் ஆளா இருந்தாலுமா?"

"யாரா இருந்தாலும். உங்கள மட்டும் அளந்துட்டுப் போக மாட்டேன். அப்படி நடந்தா நானே வந்து உங்ககிட்ட சொல்லுவேன்."

அவர் பெட்டியைத் திறந்துவிட்டார். அதற்கப்புறம் அந்தத் துறைமுகத்துக்கு அக்கா போனால் நாற்காலி போட்டார்கள். சின்ன மீனையும் மறைக்காமல் காட்டினார்கள். அவர்கள் தங்களுக்கு எதிரான கணக்கைத் தங்கள் கையாலேயே எடுத்துக்கொடுத்தது அந்த ஒரு வாக்கை நம்பித்தான். அக்காவுக்கு அது நன்றாகத் தெரியும். "அவங்க சோத்துல கைய வச்சிட்டு வந்திருக்கேன் தம்பி. இங்க உள்ளவங்களயும் அளந்தே ஆவணும்" என்றார்.

டைரக்டர் முதலில் தாராளமாகத்தான் சொன்னார். "வாங்க மேடம், நம்ம கேட்ச்சையே அளங்க. நாங்க பிடிக்கிறதெல்லாம் ஒரு ஜோக்." கொஞ்சமா நிறையவா என்று அளந்தால்தான் தெரியும் என்றார் அக்கா. அந்தப் பருவம் முழுக்க, நாங்கள் திரும்பிவரும் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களில் டைரக்டரின் அபார்ட்மெண்ட் கார் பார்க்கிங்கில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவர் காத்திருப்பார். டைரக்டரின் நண்பர்களுக்குத் தூண்டில் போடும் வேறு நண்பர்களும் உண்டு. நாளாக ஆக, ஏழெட்டுக் கார்கள் அந்தப் பார்க்கிங்குக்கு வர ஆரம்பித்தன. அளவு எழுதிய ஒவ்வொரு தாளிலும் சாட்சிக் கையெழுத்து வேண்டும். நான் போட்டேன்.

மீனை அளப்பதில் இரண்டு விதம் உண்டு. மூக்கிலிருந்து வால் இரண்டாகப் பிரியும் இடம் வரை அளப்பது ஒன்று. விதியில் உள்ளது அதுதான், படகுக்காரர்களை அக்கா அளந்ததும் அப்படித்தான். வால் நுனி வரை அளப்பது இன்னொன்று. வஞ்சிரத்தின் வால் நீளமாகக் கவட்டை போல விரிந்திருக்கும். நுனி இரண்டையும் விரலால் சேர்த்துப் பிடித்தால் மீன் இன்னும் கொஞ்சம் நீளும். தூண்டில்காரர்கள் போட்டோவுக்கு அப்படித்தான் பிடிப்பார்கள், பிடித்துப் பிடித்து அந்த நீளத்தையே அவர்கள் நம்பவும் தொடங்கிவிடுவார்கள். டைரக்டர் ஒரு மீனைத் தூக்கி, "ஐம்பத்தி நாலு" என்றார். அக்கா வால் பிரியும் இடத்தில் விரலை வைத்து, "நாப்பத்தி ஏழு" என்றார்.

"மேடம், வாலும் மீன்தானே?"

"வாலும் மீன்தான் சார். அதுக்குன்னு தனிக் கட்டம் போட்டுருதேன்."

தாளில் இரண்டு கட்டம் போட்டார். ஒன்றில் நுனி வரை, ஒன்றில் பிரியும் இடம் வரை. மேலே கொட்டை எழுத்தில் எது எது என்று எழுதினார். டைரக்டர் சொன்ன நீளம் ஒன்றையும் அவர் அடிக்கவில்லை. பருவம் முடிந்து நான் கணக்கைக் கூட்டியபோது பார்த்தேன். தூண்டிலில் வந்த வஞ்சிரத்தில் பாதிக்கு மேல் அரை மீட்டருக்குக் கீழே இருந்தது. எடையும் ஜோக் இல்லை. வரம்பு வைத்தால் இரண்டு பக்கத்துக்கும் வைக்க வேண்டும் என்று ஒரு பக்கத்தில் அக்கா எழுதினார்.

அந்தப் பக்கத்தைப் பற்றி டைரக்டர் என்னிடம் காரில் பேசினார். மிரட்டவில்லை. மிரட்டியிருந்தால் இப்போது சொல்லிக்கொள்ள வசதியாக இருந்திருக்கும்.

"எல்லாத் தாள்லயும் உன் சைன்தான் இருக்கு. ரெண்டு மாதிரி அளந்ததுல குழப்பம்னு ஒரு ரெண்டு வரி மெயில் போட்டுடேன். பொய் சொல்லச் சொல்லல. ரெண்டு மாதிரி அளந்தாங்களா இல்லையா?"

"அளந்தாங்க சார்."

"அவ்ளோதான். நெக்ஸ்ட் வீக் கார்வார் போறோம். வர்றதானே?"

நான் மெயில் போட்டேன். 'அந்த நாட்களில் நீளம் இரண்டு விதமாக அளக்கப்பட்டது. எந்த எண் எந்த முறையில் அளந்தது என்பதில் எனக்கு உறுதி இல்லை' என்று எழுதினேன். முதல் வரி உண்மை. அந்த உண்மைக்குப் பின்னால் இரண்டாவது வரியை ஒளித்துவைத்தேன். சாட்சியே சந்தேகப்படுகிறான் என்றதும் அந்தப் பக்கம் அறிக்கையிலிருந்து போய்விட்டது. பொழுதுபோக்காக மீன் பிடிப்பவர்கள் குறித்து நம்பத்தகுந்த விவரம் கிடைக்கவில்லை, அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாக்கியம் அதற்குப் பதில் வந்தது. குறைக்க வேண்டியது முழுவதும் படகுக்காரர்கள் தலையில் விழுந்தது.

அக்கா என் மேஜைக்கு வந்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். கையில் மெயிலின் நகல் இருந்தது.

"நீங்க அங்க இருந்தீங்களா தம்பி?"

"இருந்தேன் அக்கா."

"கட்டத்துக்கு மேல எழுதியிருந்தத வாசிச்சிட்டுத்தானே கையெழுத்துப் போட்டீங்க?"

"ஆமா."

"இதுல அது இல்லியே."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நானும் பதிலுக்கு ஏதாவது பேசலாம் என்று வாயைத் தயாராக வைத்திருந்தேன். அவர் தாளை இரண்டாக மடித்து என் மேஜையில் வைத்தார்.

"திருத்தி ஒரு மெயில் போடுதீங்களா? இன்னும் நேரம் இருக்கு."

"பாக்கறேன் அக்கா."

"பாருங்க" என்றார். மூன்று நாள் காத்திருந்தார். தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அவருடைய வேலையைப் பார்த்தார், என்னிடம் அதைப் பற்றி மறுபடி கேட்கவே இல்லை. நான் பார்க்கிறேன் பார்க்கிறேன் என்றே மூன்று நாளையும் ஓட்டினேன். நாலாம் நாள் ராஜினாமாக் கடிதம் கொடுத்தார். அறிக்கையில் தன் பெயரை எடுத்துவிடச் சொன்னார். எடுத்துவிட்டார்கள். அதுவும் அவர்களுக்கு வசதியாகப் போயிற்று. நான் கார்வார் போனேன். அன்று கடல் நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

வரைவு விதி வெளியான பிறகு, ஆட்சேபணை இருந்தால் எழுதிக் கொடுக்க ஒரு கெடு வைத்திருந்தார்கள். கெடுவுக்கு முந்தின நாள் மத்தியானம் நான் சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது வரவேற்பறை சோபாவில் ஒருவர் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். கறுத்து, உதடு வெடித்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. ரிசப்ஷன் பெண் சாப்பிடப் போயிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து ஒரு சீட்டை நீட்டினார்.

"இந்தப் பேருல ஒரு சாரு இருக்காராமே. பாக்கணும்."

சீட்டில் என் பெயர் இருந்தது. அக்காவின் கையெழுத்து.

"நீங்க எங்கேருந்து வர்றீங்க?"

"மங்களூர்லேர்ந்து. போட்டு டிரைவரு. இங்க வேல பாத்த அந்த அம்மா நேர்ல வந்து சொன்னாங்க, 'உங்கள மட்டும்தான் அளந்ததா ஆயிட்டு, நான் சொன்ன சொல்லு நிக்கல'ன்னு. எங்க ஆளுவ கண்டபடி பேசிட்டானுவ. அவங்க எதிர்த்து ஒண்ணும் சொல்லல, நின்னு கேட்டாங்க. பெறகு நான்தான் தனியா கூப்பிட்டு என்ன நடந்துன்னு கேட்டேன். இந்த சாரு ஒரு வரி எழுதிக் குடுத்தா போதும்னு சொன்னாங்க. அவரு முன்னாடியே கையெழுத்துப் போட்டவருதானாம். அவரு பொய் சொல்லுத ஆளு இல்ல, பயந்துட்டாரு, கேட்டா எழுதிக் குடுப்பாருன்னு சொன்னாங்க."

என் கழுத்தில் அலுவலக அடையாள அட்டையின் நாடா மட்டும் வெளியே தெரிந்தது. மதிய வேளையில் அட்டையைச் சட்டைப் பைக்குள் செருகிக்கொள்வது என் வழக்கம். அன்று அது பைக்குள்தான் இருந்தது. நானாக மறைக்கவில்லை என்று பிறகு பலதடவை எனக்கே சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

"அவர் இன்னிக்கு லீவு" என்றேன்.

"நாளைக்கு வருவாரா?"

"தெரியல."

"அப்படியா" என்று உட்கார்ந்தார். "சாயங்காலம் வரைக்கும் இருந்து பாக்கேன். பஸ்ஸு ராத்திரிக்குத்தான்."

அவர் சாப்பிட்டிருக்கவில்லை என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. கீழே போய் டீயும் இரண்டு பன்னும் வாங்கிவந்து கொடுத்தேன். நல்லா இருப்பீங்க என்று சொல்லி வாங்கிக்கொண்டார். நான் மேலே போய் என் இடத்தில் உட்கார்ந்தேன். ஒரு வரி எழுத எவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும். வேறு ஒரு அறிக்கைக்குப் படம் போட்டேன். ஆறு மணிக்கு லிப்டில் நேராகப் பேஸ்மெண்டுக்கு இறங்கி, வண்டியை எடுத்துக்கொண்டு பின்பக்க கேட் வழியாகப் போனேன்.

மறுநாள் காலையில் வாசலில் செக்யூரிட்டி என்னை நிறுத்தினார்.

"சார், நேத்து அந்தப் பெரியவரு ஏழு மணி தாட்டியும் குந்தினே இருந்தாரு. போறப்ப எங்கிட்ட வந்து, டீ வாங்கிக் குடுத்தாரே அந்த சாரு பேரு இன்னான்னு கேட்டாரு. ஊருக்குப் போயி சொல்லணுமாம், இங்கயும் ஒரு நல்ல மனுசன் இருக்காருன்னு."

"என்ன சொன்னீங்க?"

"உங்க பேரச் சொன்னேன் சார்."